நிழலை அணைத்தல்

ரிச்சி தெருவில் அடித்துப் பேசி வாங்கிய
பழைய கிராஃபிக்ஸ் கார்டு.
"ஒரே ஆள் வெச்சிருந்ததுங்க" என்றான் கடைக்காரன்,
மாருதி கார் விற்பவனைப் போல.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி
டேபிள் ஃபேனை அதன் வயிற்றுக்குத் திருப்பினேன்.
எனக்குக் காற்றில்லை.
பெரம்பூர், மே மாதம், இரவு பதினொன்றரை.

கோட்டை வாசலில் என் வாள்காரி
ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறாள்.
நொடிக்குப் பதினான்கு படம்.

முதலில் நிழலை அணைத்தேன்.
பிறகு புல்லை.
ஆற்றில் தெரிந்த நிலாவை எடுக்கும்போது மட்டும்
கொஞ்சம் கை நின்றது.
மழையும் போனபின்
நடந்தாள்,
நிழலோ புல்லோ இல்லாத வெட்டவெளியில்
மதியம் எங்கள் தெருவில் தண்ணீர் கேன் சுமக்கும்
தேவசகாயம் மாதிரி.

எண்பத்தேழு டிகிரி என்றது
திரை மூலையில் சிவப்பு எண்.
பூதம் வந்தது, சதுரம் சதுரமாக.

"ஏசி போடணும், அதை நிறுத்து"
உள்ளறையிலிருந்து பிரமிளா.
இரண்டையும் தாங்காது இந்த வீட்டு ஃப்யூஸ்.

சேமிக்க ஒரு கல்விளக்கைத் தொட வேண்டும்.
அது பூதத்துக்குப் பின்னால் இருக்கிறது.

"அஞ்சு நிமிஷம்" என்றேன்.

ரிமோட்டின் பீப் கேட்டது.