பாரடைசோவின் தனி ஆல்பம்

திம்மராயன் இப்போது பாரடைசோ.
குவாரியில் நாங்கள் அறுத்த கல்லின் பெயர்தான்.
பன்னிரண்டு பாட்டு, அட்டையில் ஒற்றை முகம்,
பின்னால் கே.ஆர்.பி. அணையின் மதகு.

சுங்கச்சாவடி தாண்டி லாரியை ஓரங்கட்டிக்
கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

முதல் பாட்டிலேயே
ராயக்கோட்டை ரோட்டை வாங்கிவிடுகிறான்.
மூன்றாவதில் அவனைப் பார்த்து
போலீஸ் ஜீப் ரிவர்ஸ் எடுக்கிறது.
அந்த ஜீப்புக்குப் பயந்து மாந்தோப்புக்குள்
ஒற்றைச் செருப்போடு ஓடியவன்.
ஐந்தாவதில் வெட்டுகிறான்:
பர்கூர் கூட்ரோடு, ராத்திரி பதினொன்று, இடது தோள்.
எல்லாம் சரி.
கை மட்டும் என்னுடையது.
வாய்தாவுக்குப் போகிறவனும் நான்தான்,
மாதத்தில் ஒரு செவ்வாய்.

தாளத்தில் பொய்யில்லை.
கல்லில் ட்ரில் இறங்கும் அதே தட்டு,
தட்டு, மூச்சு, தட்டு தட்டு.
முட்டை அட்டை ஒட்டிய அறையில்
நான் வாயால் போட்டுக் காட்டியது.
நன்றி சொன்ன இடத்தில்
அவன் அம்மா, முனீஸ்வரன்,
மாம்பழக்கூழ் கம்பெனி முதலாளி.

ஒன்பதாவது.
'எம் பின்னால எவனும் இல்லடா'
என்று சொல்லி நிறுத்துகிறான்.
அந்த ஒரு நொடிச் சந்தில்
யாரோ இருமுகிறார்கள்.
கல்தூசி இருமல்,
வறட்டு வறட்டென்று ரெண்டு தரம்.

அழிக்க மறந்தானா,
விட்டுவைத்தானா?

ரோந்து வண்டிக்காரன் கதவைத் தட்டுகிறான்,
இங்கே நிறுத்தக் கூடாதாம்.
ஒரு நிமிஷம் சார் என்று
அந்த இடத்துக்கே மறுபடி ஓட்டி
நானும் சேர்ந்து இருமினேன்.