நாற்பத்தெட்டு மில்லிமீட்டர்

கேம்கார்டரின் மூக்கைச் சுற்றி
பொடி எழுத்தில் இருந்தது: 4 – 48 மி.மீ.
டவுன்ஹால் ரோட்டில் பழசாக வாங்கியது.
இன்னும் மூன்று தவணை பாக்கி.

மீரான் குனிந்து படித்துவிட்டுச் சிரித்தான்.
"நாப்பத்தெட்டா? என்னுது எழுபதுல ஆரம்பிச்சு எரநூறு வரைக்கும் போகும், ஆக்னஸ்.
ஒன்னோட கடைசி ஸ்டாப்பு
என்னோட பஸ் ஸ்டாண்டுக்கே வந்து சேரலையே."

ஒத்தக்கடையில் கல்யாணம்.
மண்டபத்துக்குப் பின்னால் யானைமலை
காலை பத்து மணிக்கே சூடேறிக் கிடந்தது.
பெண்ணின் சித்தப்பா வந்து கேட்டார்:
"எத்தனை எக்ஸும்மா இது?"
பன்னிரண்டு என்றேன். திருப்தியாகப் போனார்.
பன்னிரண்டு என்பது தூரமல்ல,
நாலில் கிளம்பி நாற்பத்தெட்டில் நிற்கிற
வெறும் பெருக்கல் என்று
அவரிடம் போய் யார் சொல்வது,
பாதிப் பணம் இன்னும் அவர் பையில் இருக்கையில்.

வாசலில் ஒச்சம்மாள் மல்லி அளந்துகொண்டிருந்தாள்.
"இது என்ன மொழம்? என் கைக்கு முக்காத்தான் வருது"
என்று மாப்பிள்ளை வீட்டு மதினி ஒருத்தி.
"ஒங்கை நீளம்னா அதுக்கு நான் என்னத்தச் செய்ய?
எங்கிட்ட வாங்குனா
எங்கை மொழந்தான்."

எங்கை மொழந்தான்.

மீரானின் கேமராவுக்குள் ஃபிலிம் சட்டம்
மூலைக்கு மூலை நாற்பத்துமூன்று மில்லிமீட்டர்.
என்னுடையதற்குள் உள்ள சில்லு
நாலே கால்.
ஒரு மிளகை வைத்தால் காணாமல் போகும்.
அவன் கையால் அளந்தால்
என் நாற்பத்தெட்டு நானூற்று எண்பது.
சொன்னேன். நம்பவில்லை.

பெண் அலங்கரிக்கும் அறையில்
அவன் பக்கமே நியாயம் நின்றது.
இருபத்துநாலு லென்ஸைச் சொருகி
பெண், தோழிகள், ஃபேன், அழுகிற குழந்தை, கழற்றிப்போட்ட செருப்பு வரை
நின்ற இடத்திலேயே அள்ளிக்கொண்டான்.
என் நாலு அவன் கணக்கில் நாற்பது.
பின்னால் நகர்ந்து நகர்ந்து
பீரோ கைப்பிடி முதுகில் குத்திய பிறகும்
பெண்ணுக்கு ஒரு தோள்தான் கிடைத்தது.
அவன் ஒன்றும் பேசவில்லை. அதுதான் கடுப்பு.

பந்தி முடிந்து மொட்டைமாடி.
மலைமேல் ஒரு புள்ளி.
"ஆடு" என்றான் இருநூறில் பார்த்து.
நான் பொத்தானை அழுத்திக்கொண்டே போனேன்.
புள்ளிக்குக் கால் முளைத்தது,
சட்டை முளைத்தது.
பாட்டில் மூடியைப் பல்லில் கடித்தபடி
முகத்தில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் ஒரு பையன்.
தன்னை யாரும் பார்க்கவில்லை என்பவனின் முகம்.

மீரான் கண்ணை வைத்துப் பார்த்தான்.
வெகுநேரம் எடுக்கவில்லை.
பிறகு, "மலை ஆடுது" என்றான்.

ஆடத்தான் செய்தது.
கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றினேன்.
மூச்சை அடக்கினேன்.
அப்போதும் ஓர் அடி, ஓர் அடி,
சீராக.
மணிக்கட்டில் ஓடுகிற நாடி
லென்ஸின் கடைசிவரை போய்
அத்தனை பெரிய கல்லை
உலுக்கிக்கொண்டிருந்தது.

அவன் ஐந்நூற்றில் ஒரு நொடியில்
மலையை எடுத்து வைத்துக்கொண்டான்.
ஆல்பத்தில் அது அசையாமல் இருக்கிறது.
அதில் அந்தப் பையன் ஆடுதான்.

கேசட் கொடுத்த மறுநாள் சித்தப்பா ஃபோன் செய்தார்.
"எல்லாம் சரி. சாப்பாட்டுக்கப்புறம்
ஒரு நிமிசம் மலை துடிக்குதே, அது என்ன?"
மெஷின் கோளாறு என்றேன்.
நூறு ரூபாய் குறைத்துக்கொண்டார்.