குறட்டைக் கணக்கு

இரவெல்லாம் நான் கேட்பது அந்நியர்களின் குறட்டை.
பன்னேர்கட்டா சாலை மருத்துவமனை, நாலாம் மாடி,
தூக்க ஆய்வறை.
தலையில் பசை தடவி ஒயர் ஒட்டுவேன்,
மூக்கடியில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பட்டை.
"இதோட எப்படிம்மா தூக்கம் வரும்?" என்று கேட்டவர்தான்
பத்தே நிமிடத்தில்
மர அறுவை மில்லைத் திறப்பார்.

மூச்சு பத்து நொடி நின்றால் ஒரு கோடு.
மணிக்கு முப்பது கோடு தாண்டினால் மோசம்.
நேற்று இரண்டாம் படுக்கை,
ஏதோ கம்பெனியின் துணைத் தலைவர்,
நாற்பத்தொன்று.
விடிந்ததும் கேட்டார்: "நல்லாத்தானே தூங்கினேன்?"

ஏழரைக்கு ஈஜிபுரா.
செருப்பைக் கழற்றும்போதே கேட்கிறது
கதவுக்கு உள்ளிருந்து.
முதல் நாள் ஃப்ரிட்ஜ் என்று நினைத்து
பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை.
உள்ளங்கை அகலக் கறுப்பு ஒன்று
என் பழைய ஸ்வெட்டரின் கைக்குள் தலையை விட்டு
வால் மட்டும் வெளியே,
கொர்ர்ர்... ஃபூ.

வீட்டுக்காரம்மா சாரதம்மா எட்டிப் பார்த்தார்.
"கொரகெ!" என்றார், வாயைப் பொத்திக்கொண்டு.
அவர் கன்னடத்துக்கும் என் தமிழுக்கும்
அந்தச் சத்தம் தொண்டையில் ஒரே இடம்தான்.
வாடகை கேட்க வந்ததை மறந்து போனார்.

கால்நடை மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தார்.
சளி இல்லை.
மூக்கு ஓட்டை கடுகு அளவு,
கழுத்தை மடக்கிப் படுக்கிறது, வேறென்ன.
"பாலம் கட்டுற தூசியாகூட இருக்கலாம். எனக்கே இருக்கு."
முந்நூறு ரூபாய்.

எனக்கு வேறொன்று தோன்றுகிறது.
அக்டோபர் மழையில்
நிறுத்தியிருந்த ஸ்கூட்டருக்கு அடியிலிருந்து எடுத்தேன்.
சுற்றிலும் நாய்கள்.
மூச்சு விடுகிறதா என்றே தெரியாதபடி
அப்படி ஒரு மௌனம் அதனிடம் இருந்தது.
இனிச் சத்தம் போடலாம் என்று தெரிந்த பிறகு
சேர்த்து வைத்துப் போடுகிறது.
அறிக்கையில் இதை எழுதக் கட்டம் கிடையாது.

ஒரு காலை, நின்றது.
பழக்க தோஷம், எண்ணினேன்.
ஆறு. ஏழு.
அடுப்பில் பால்.
எட்டு.
ஒன்பதில் பின்னங்கால் உதறி
கனவில் எதையோ நக்கி விழுங்கி
கொர்ர்ர்.
பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருந்தது.
கொஞ்ச நேரம் துடைக்காமல் நின்றேன்.

திரையை இழுத்துவிட்டு நானும் படுக்கிறேன்.
வெளியே பள்ளி வேன், குக்கர் விசில்,
யாரோ யாரையோ எழுப்பும் குரல்.
முப்பத்தாறு வயதாகிறது,
நான் குறட்டை விடுவேனா என்று எனக்குத் தெரியாது.
பக்கத்தில் படுத்துச் சொல்ல ஆளிருந்ததில்லை.
ஆய்வறையில் கேட்டால் சிரிப்பார்கள்.

மதியம் விழித்தால்
முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கிறது,
வெகு நேரமாக என்பதுபோல.
ஒரு காது என் மூக்கின் பக்கம்.

எத்தனை, என்று கேட்டேன்.

கொட்டாவி விட்டது.