மிச்சம் மூன்று ரூபா

குருக்கள்மடத்திலிருந்து மட்டக்களப்புக்கு
இப்போது தொண்ணூற்றேழு ரூபா.
நூறு ரூபாத் தாளை நீட்டினால்
இல்ஹாம் அதை நீளவாக்கில் மடித்து
விரலிடுக்கில் செருகிக்கொண்டு
அடுத்த சீட்டுக்குப் போய்விடுகிறான்.
மூன்று ரூபா
அவன் தோள்பையில் எங்கோ கிடந்து குலுங்குகிறது.

ஏற்றினதில் எனக்குக் குறையில்லை.
டீசல் ஏறினால் ரிக்கற்றும் ஏறத்தான் வேண்டும்.
டீசல் இறங்குகிற கிழமை மட்டும்
ரிக்கற் இறங்க மறந்து
மிதிபலகையிலேயே நின்றுவிடுகிறது,
அதையும் விடுவோம்.
தொண்ணூற்றேழு என்று ஒட்டிவைத்துவிட்டு
நூறு எடுக்காதே.
நூறென்று எழுது, நூறு எடு,
நான் ஒரு சொல் பேசமாட்டேன்.

டைல்ஸ் கடையில் காசாளர் நான்.
அந்தியில் ஐந்து ரூபா கணக்கு இடித்தாலும்
முதலாளி கதவைப் பூட்ட விடமாட்டார்.
அந்தப் பழக்கத்தில்
தாழங்குடா வருவதற்குள் விரல்விட்டுப் பார்த்தேன்:
போக மூன்று, வர மூன்று,
மாதம் இருபத்துநாலு நாள்.
நூற்றுநாற்பத்துநாலு.
மாதத்தில் ஒன்றரைத் தரம்
இல்ஹாமை நான்தான் ஏற்றிப்போகிறேன்.

கைப்பையில் ஒரு நாவல்,
நூலகத்தில் எடுத்தது, தவணை முடிந்து பதினொரு நாள்.
அதில் ஒருத்தி கணவனை விட்டு
இரவோடிரவாகக் கொழும்புக்குப் போகிறாள்.
இருபத்தாறாம் பக்கத்தில் புறப்பட்டாள்,
இருபத்தேழில் போய்ச் சேர்ந்துவிட்டாள்.
ரிக்கற் யார் எடுத்தது?
காசை எதற்குள் ஒளித்துவைத்திருந்தாள்?
பொலன்னறுவையில் பஸ் நின்றபோது
தேத்தண்ணி குடித்தாளா,
விலையைக் கேட்டுவிட்டுத் திரும்பி ஏறினாளா?
எழுதியவர் அவள் கண்ணீருக்கு
ஒன்பது பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.
அழுகிறவளிடமும் கொண்டக்டர்
"அக்கா, எவ்விடம்?" என்று கேட்பான்.
அந்தக் கேள்வி இல்லாத கதையை
என்னால் நம்ப முடிவதில்லை.

இரவு பத்துக்குப் பிறகு
தம்பியின் பழைய லப்டொப்.
அங்கே என் பெயர் நெய்தலி,
ஒரு கற்பாலத்தின் காவல்காரி.
வாளும் மந்திரமும் மற்றவர்களுக்கு.
கடக்க ஏழு செப்புக்காசு வாங்குகிற வேடத்தை
ஒருவரும் கேட்கவில்லை, நான் கேட்டு வாங்கினேன்.
வருகிறவர்களை மறித்துக் கதைப்பேன்:
எங்கே போகிறீர், யாருக்குப் பயந்து,
பொதியில் என்ன என்று
வரி வரியாய்த் தட்டி.
பொய் நன்றாயிருந்தால்
காசு வாங்காமல் விடுவதும் உண்டு.
பாலத்தை மிதிக்காமல் பொத்தானை அமர்த்தி
அடுத்த பட்டணத்தில் முளைக்கிறவர்களைத்தான் பிடிக்காது.
அவர்கள் அந்த நாவல்காரரின் பிள்ளைகள்.

போன செவ்வாய் ஒரு குள்ளன் வந்தான்.
ஓடக்கல்லன் என்று பெயர், எந்த ஊர்ப் பிள்ளையோ.
பத்துக் காசு தந்தான்.
அவன் கழுதையின் நொண்டலைப் பற்றி
நாங்கள் நெடுநேரம் கதைத்தோம்.
பின்னால் நாலு பேர், ஒருத்தன்
அவசரம் அவசரம் என்று நச்சரித்தான்.
பாலம் கடந்து போனவன்
திரும்பி வந்து எழுதினான்:
"காவல்காரியே, மிச்சம் மூன்று."

என்னிடம்தான் இருந்தது.
சத்தியமாய், எடுக்க வேண்டும் என்று எடுக்கவில்லை.
கைக்குள் வந்த பிறகு
அது என்னுடையது போலக் கிடந்தது,
அவ்வளவுதான்.
கொடுத்தேன். மன்னிப்பும் எழுதினேன்.
கழுதை முன்னால் போக
அவன் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டான்.

மறுகா, புதன் காலை.
காத்தான்குடி நடுவீதிப் பேரீச்சைகளில்
பஸ்களின் புழுதி.
இல்ஹாம் தாளை மடிக்கிறான்.
"தம்பி, மூண்டு ரூபா."
என்னை ஒருதரம் பார்த்தான்.
பைக்குள் கைவிட்டுக் கிளறி
ஐந்து ரூபாக் குற்றி ஒன்றை எடுத்து
உள்ளங்கையில் வைத்தான்.
"ரெண்ட நாளைக்குத் தாங்க மிஸ்."

கல்லடிப் பாலத்தில்
ஒருவரும் மறிக்கவில்லை,
எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.
பஸ் சும்மா கடந்தது.
இல்ஹாமுக்கு இரண்டு ரூபா,
நூலகத்துக்குப் பதினொரு நாள் தண்டம்,
குற்றி கைக்குள் சுடத் தொடங்கியிருந்தது.
இருந்தாலும் சொல்கிறேன்:
தொண்ணூற்றேழு என்றால்
தொண்ணூற்றேழுதான்.