காரணம் எழுத இரண்டு அங்குலம்

காலை எட்டரைக்கு ஷட்டரைத் தூக்கும்போதே
அவனுடைய பைக் நிற்கிறதா என்று பார்க்கிறேன்.
நின்றால் மூச்சை அடிவயிற்றில் பிடித்துக்கொண்டு உள்ளே போவேன்.
நிற்காவிட்டால் இன்னும் மோசம்:
எந்த நேரமும் வரலாம்.

நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு நெல் கொள்முதல் நிலையம்.
நான் பட்டியல் எழுத்தர். அவன் தர ஆய்வாளர்.
உள்ளங்கையில் நெல்லைப் பரப்பி ஊதுவான்,
கருக்காய் பறக்கும்.
இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடிப்பான்.
மீட்டர் வேண்டியதில்லை அவனுக்கு,
ஈரம் எவ்வளவென்று சத்தத்திலேயே தெரியும்.
என்னையும் அப்படித்தான்
ஆறு வருஷம்.

விவசாயிகளுக்கு அவனைப் பிடிக்கும். பொய் இல்லை.
கடன்பட்டு அறுத்தவர் முகம் பார்த்து
பதினெட்டைப் பதினேழு என்று எழுதச் சொல்வான்.
"தங்கமான மனுஷன்" என்கிறார்கள், என்னிடமே.
நான் ரசீதில் தேதி போடுகிறேன்.

எல்லாரும் முதலில் அதைத்தான் கேட்டார்கள்,
"அடிச்சானா?"
அடித்ததில்லை.
ஒன்பது நாள் பேசாமல் இருப்பான்.
பத்தாம் நாள் சூடாக ஜாங்கிரி வாங்கி வருவான்.
அழுதால், "எதுக்கு அழற, நான் என்ன பண்ணேன்?"
நேற்றுச் சொன்னதை இன்று சொல்லவில்லை என்பான்.
"உனக்கு ஞாபகம் சரியில்ல."
சொல்லிச் சொல்லி,
அடுப்பை அணைத்தேனா என்று
பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி
வீட்டுக்கு ஓடியிருக்கிறேன்.
அணைந்துதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும்.

திருவாரூர் கோர்ட்டில் கையெழுத்துப் போட்டுப் பதினான்கு மாதம்.
இப்போது எனக்கு அவன் 'சார்', அவனுக்கு நான் 'மேடம்'.
தராசுக்குப் பக்கத்தில், பத்துப் பேர் முன்னால்,
சிரித்துக்கொண்டே கேட்பான்:
"மேடம், மூட்டைக் கணக்கு ஞாபகம் இருக்கா?"
மற்றவர்களுக்கு அது வேலை.
எனக்கு அந்த வீட்டின் கதவு
ஒருமுறை திறந்து மூடும்.

ஆகவே எல்லாவற்றையும் எழுதி வைக்கிறேன்.
கார்பன் வைத்து, அழுத்தி, மூன்று பிரதி.
"வாய்ல சொல்ல வேணாம் சார், நோட்டுல எழுதிடுங்க."
முதல் தடவை சொன்னபோது குரல் நடுங்கியது.
சாக்குத் தைக்கிற மெஷின் இரைச்சலில்
யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.
ஜெயமேரிக்குக் கேட்டிருக்கிறது.
சிந்திய நெல்லைக் கூட்டுகிறவள்,
என்னிடம் ஒரு வார்த்தை விசாரித்ததில்லை.
அவன் என் மேசைக்கு வந்தால் மட்டும்
எங்கள் நடுவே ஏனோ
நிறையக் குப்பை சேர்ந்துவிடும்.

வெண்ணாறு இங்கேதான் மூன்றாகப் பிரிகிறது.
பஸ் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பொறாமையாக இருக்கும்.
கோரையாற்றுத் தண்ணீரும் பாமணியாற்றுத் தண்ணீரும்
மறுநாள் காலை
ஒரே பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

தையில் பருவம் தப்பிய மழை.
ராத்திரி பதினொன்றுக்குப் போன்.
வெட்டவெளியில் ஆயிரத்திருநூறு மூட்டை.
தார்ப்பாயின் ஒரு முனை என் கையில், எதிர்முனை அவன் கையில்,
நடுவே காற்று ஊதிப் பெருத்தது.
"பாத்து, வழுக்கும்" என்றான்.
அந்தக் குரல். முதல் வருஷத்துக் குரல்.
ஒரு நொடி
(எழுதத்தான் வேண்டும், எல்லாவற்றையும் என்றேனே)
எனக்குள் ஏதோ இளகியது.
பிறகு நான் போட்ட முடிச்சை
டார்ச் அடித்துப் பார்த்தான்,
அவிழ்த்தான்,
மறுபடி கட்டினான்.
நல்ல முடிச்சுதான் அது.
நான் அடுத்த முனைக்குப் போனேன். கட்டினேன்.
அதற்கடுத்ததையும்.
விடியும்போது ஜெயமேரி பிளாஸ்கில் டீ கொண்டுவந்தாள்.
நெல் நனையவில்லை.

மாறுதல் மனுவில் 'காரணம்' என்ற கட்டத்துக்கு
இரண்டு அங்குலம் இடம்.
போகவேண்டியது நானா என்ற கேள்விக்குக்
கட்டமே கிடையாது.
முன்பு இரண்டு தடவை 'சொந்தக் காரணம்' என்று எழுதினேன்,
இடம் மிச்சமிருந்தது.
இந்தத் தடவை நோட்டுகளை விரித்து வைத்துக்கொண்டேன்.
தேதி, நேரம், சொன்ன சொல், அருகில் இருந்தவர்.
அடுப்பை அணைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.
எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.

காரணம்: தனித்தாளில்.
இணைப்பு: தாள்கள் பதினொன்று.