முப்பத்தொன்று

ஸ்கோர் நோட்டு என் கையில்தான் இருந்தது.
மாற்று கீப்பருக்கு வேறென்ன வேலை.
நாற்பது பக்கம், கோடு போட்டது,
தண்டையார்பேட்டையில் வாங்கியது,
அட்டையில் யாரோ வைத்த டீ வட்டம்.

ஐந்து. ஏழு. ஆறு. நாலு.
பிறகு ஒரு வெற்றி:
எதிரணியின் வேன் எண்ணூர் ரோட்டில்
கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது.
ரெஃப்ரி நாற்பது நிமிடம் வாட்ச்சைப் பார்த்துவிட்டு
விசிலை ஊதி, செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.
"கெலிச்சிட்டோம்டா" என்றான் மரியசெல்வம்,
எதிரே ஆளில்லாத பாதி மைதானத்தைப் பார்த்து.
யாரும் சிரிக்கவில்லை.
பிறகு சிரிப்பு அடங்கவே இல்லை.

அப்புறம் நாலு. ஒன்று. மூன்று. ஒன்று.
கூட்டினால் முப்பத்தொன்று.
நாங்கள் போட்டது நாலு,
அதில் ஒன்று அவர்களே
அவர்கள் வலைக்குள் தள்ளிக்கொண்டது.

கோச் அக்டோபரிலேயே போய்விட்டார்.
துறைமுகத்தில் நைட் ஷிஃப்ட், நிரந்தர வேலை.
திட்டுவதற்கு ஆளில்லாமல்
கொஞ்ச நாள் கஷ்டமாக இருந்தது.
கேன்டீனில் எங்களுக்குப் பெயர் தோத்தாங்குளி லெவன்.
பரோட்டாவுக்கு சால்னா கேட்டால்கூட
"எத்தினி கோல் வேணும்?" என்பார்கள்.

கொருக்குப்பேட்டை மைதானத்தில்
ஒரு கம்பத்துக்குப் பின்னால் சுவர்,
சுவருக்குப் பின்னால் தண்டவாளம்.
பந்து அங்கே போனால்
கூட்ஸ் வண்டி முழுக்கப் போகிறவரை ஆட்டம் நிற்கும்.
காற்று மணலிப் பக்கமிருந்து திரும்பினால்
தொண்டை எரியும்.
ஐம்பத்தெட்டு பெட்டி, நிலக்கரி.
எண்ணிக்கொண்டே மூச்சு வாங்குவோம்.

கடைசி ஆட்டம்.
எண்பத்தாறாவது நிமிடம்
டில்லிபாபுவின் முழங்காலில் பட்டுத்தான் உள்ளே போனது.
ஒன்று என்று எழுதினேன்.
அதே பக்க ஓரத்தில் பென்சிலில் ஒரு பதினேழு இருக்கிறது.
அது யாருடைய ஜெர்சி எண்ணும் இல்லை.
அறுபதாவது நிமிடத்தில்
டில்லிபாபுவிடமிருந்து டெரன்ஸ், டெரன்ஸிடமிருந்து கோட்டி,
திரும்ப டெரன்ஸ், வலது ஓரம், நடு,
யாரும் கத்தவில்லை, பெயர் சொல்லிக் கேட்கவில்லை,
பதினேழு பாஸ்.
விடியலில் காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கிவிட்டு
முதல் வகுப்பில் தூங்குகிற இம்தியாஸ்
இடது காலால் உதைத்தான்.
பந்து குறுக்குக் கம்பியில் மோதியது.
இரும்பு ரொம்ப நேரம் அதிர்ந்தது.

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

இம்தியாஸ் முதலாண்டு. டெரன்ஸும்.
கோட்டிக்கு இரண்டு அரியர்,
எப்படியும் ஒரு வருடம் எங்களோடுதான்.
டில்லிபாபு அன்றிரவே போன் செய்து
"அந்த முட்டிய கழட்டி வெச்சிட்டு ஆடட்டுமா?" என்றான்.
அதுதான் அவன் மன்னிப்பு கேட்கிற விதம்.
போவது இரண்டே பேர்:
கேப்டன் தேசிங்கு,
அப்புறம் ஏசுபாதம், எங்கள் கீப்பர்.

தேர்வு முடிந்த அன்று
ஏசுபாதம் கையுறைகளை என் மடியில் போட்டான்.
"முப்பத்தொண்ணும் என் கணக்கு,
ஒனக்கு சைபர்லேர்ந்து" என்றான்.
போட்டுப் பார்த்தேன்.
விரல் நுனிகளில் காலியாக மடங்கியது ரப்பர்.
உள்ளே அவன் வேர்வை இன்னும் காயவில்லை.

ஜூன். காலை ஐந்தே முக்கால்.
விசில் ஊத ஆளில்லை, யாரும் கேட்கவும் இல்லை.
பதினான்கு பேர் வந்திருக்கிறார்கள்;
போன வருடம் இதே நாளில் ஆறு.
நோட்டை ஒரு புதுப் பையனிடம் கொடுத்தேன்.
புரட்டிப் பார்த்துவிட்டு,
"அண்ணா, இந்தப் பதினேழு இன்னா?" என்றான்.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் இம்தியாஸ் உதைத்த பந்து
என் கையையும் சுவரையும் தாண்டிப் போனது.

கூட்ஸ் வண்டி வந்துகொண்டிருந்தது.
சுவரில் சாய்ந்து எண்ண ஆரம்பித்தோம்,
அவனும்.