பதினேழாம் எண்

பகலில் பக்கம் பார்த்துப் பேசு,
இரவில் அதுவும் பேசாதே என்பார்கள்.
ஹாப்சாலுவில், ஜூன் மாதத்தில்
இரவென்று ஒன்று இல்லை.

முனைவர் பட்டத்துக்குப் படிப்பவர்கள் முப்பது பேர்.
ஒரு வாரத்துக் கைபேசித் தடங்கள்,
அவரவர் சம்மதத்தோடு,
பெயர் நீக்கி எண் இட்டவை.
ஆளுக்கொரு எண்: யாரென்று சொல்ல வேண்டும்,
மதியச் சாப்பாட்டுக்குள்.

கெர்துவுக்கு விழுந்தது பதினேழு.
இருபது நிமிடம் போதுமாயிருந்தது.

தினமும் அதிகாலை இரண்டு பத்துக்கு
பதினேழு படகுத்துறையின் கடைசிப் பலகைக்குப் போகிறது.
நாற்பது நிமிடம் அசைவதில்லை.
செவ்வாயன்று மழை.
அன்றும் போயிருக்கிறது.

கறுப்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே
'நன்றாகத் தூங்கினேன்' என்பவன் ரைகோ.
அவன் காலணி விளிம்பில் பச்சைப் பாசி.

விடைத்தாளில் எழுதினாள்:
கண்டுபிடிக்க முடியவில்லை.

'மூன்றாவது பத்தியைப் பார்த்திருந்தாலே போதுமே'
என்றார் பேராசிரியர் தாம்மெ, கொஞ்சம் வருத்தமாக.
பூஜ்யம்.

அன்று இரண்டு மணி தாண்டி
எதிர் அறைக் கதவு மெல்லச் சாத்தப்பட்டது.
ஜன்னலில் நீர்மோர் நிறத்தில் வெளிச்சம்.
எழுந்து நின்றால் துறை தெரியும்.

படுத்தபடியே கையை நீட்டி
திரையை இழுத்துவிட்டாள்.